வேர்க்கிற சுவர்

அம்மம்மா வீட்டு முன்னறைக்கு மூன்று வருடத்தில் மூன்று தடவை பெயிண்ட் அடித்தோம். மாரி முடிந்து தை மாதத்தில் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும், விரலால் தொட்டால் உள்ளேயிருந்து பொடி உப்பு கொட்டும். திருகோணமலை டச்சுக்குடாவுக்குக் கிட்ட வீடு, கடற்காற்று, வேறென்ன செய்கிறது என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். கடைக்காரரும் ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட விலை கூடின, 'தண்ணி ஏறாத' பெயிண்டைத்தான் தந்தார்.

கடைசியில் சித்தப்பா ஒரு வயதான மேசனைக் கூட்டிவந்தார். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. சாவியால் சுவரின் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. கீழே கோறையாகச் சத்தம் வந்தது.

"மகள், மேல சுண்ணாம்பு, கீழ சீமெந்து. ஆர் பூசினது?"

அம்மாவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. 1964 மார்கழிச் சூறாவளியில் ஓடெல்லாம் பறந்து, சுவர் ஊறிப் பூச்சு விழுந்தபோது அம்மப்பா அவசரத்துக்குச் செய்த வேலை. மணலும் கடற்கரை மணலாம். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்க ஒன்றும் கிடையாது, நிலத்து ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், சுண்ணாம்பு என்றால் அது வழியாகக் காய்ந்து போய்விடும், சீமெந்தும் அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் வழியை அடைத்துவிட, உப்பு உள்ளே கட்டியாகிப் பெயிண்டைத் தள்ளுகிறது. மேசன் சொன்னது இன்னும் சுருக்கம்: "சுவர் வேர்க்குது. வேர்க்கிற உடம்புக்கு ரெயின்கோட்டை மாட்டிவிட்டிருக்கிறீங்கள்."

சரி என்று வைகாசியில் தொடங்கினோம். செங்கல் தெரியும்வரை சீமெந்தை உடைத்து, உப்பைக் காய்ந்த தும்புப் பிரஷால் மட்டும் தட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும், இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு ஒரு மாதம் சும்மா காயவிட்டோம். வீடு முழுக்கச் செங்கல் தூசி, அம்மா என்னோடு கதைக்கவில்லை.

மணலுக்கு மூதூர்ப் பக்கத்து மகாவலி மணல் எடுத்தோம். நீற்றின சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஆடியில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற நேரம் பூசியதுதான் என் மடத்தனம். காலையில் பூசியது பின்னேரம் பார்த்தால் சிலந்திவலைபோல வெடித்திருந்தது. சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெதுவாக இறுக வேண்டும், கச்சான் அதற்கு முன்பே ஈரத்தை உறிஞ்சிவிடும். எல்லாவற்றையும் சுரண்டி, மறுபடி பூசி, யன்னல்களை அடைத்து, நனைத்த சணல் சாக்கைச் சுவர்நீளத்துக்குத் தொங்கவிட்டு, ஒரு கிழமை நானே காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். கையுறை போடாமல் சாந்து அள்ளியதில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

அப்புறம் வெள்ளையடிப்பு. சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துளி மஞ்சட்காவி சேர்த்து, நாளுக்கு ஒன்றாக நாலு பூச்சு. ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே அடிக்காததுபோலத் தெரியும், நான் பயந்து இன்னும் கெட்டியாக அடிக்கப் பார்த்தேன், மேசன் கையைத் தட்டிவிட்டார். விடிய எழும்பிப் பார்த்தால் அறையே வெளித்திருந்தது.

தம்பிக்குப் பெரிய சோபா வேண்டுமாம். பன்னிரண்டுக்குப் பதினொரு அடி அறையில் அதைப் போட்டால் சுவரோடு ஒட்டித்தான் நிற்கும், காற்றுப் போகாது. வேண்டாம் என்றுவிட்டேன். அம்மப்பாவின் முதிரை மரச் சாய்மனைக் கதிரைக்குப் பிரம்பு மாற்றிப் பின்னினோம், படங்களுக்குப் பின்னால் விரற்கடை மொத்தத்தில் பலகைத்துண்டு வைத்துக் கொழுவினோம். சிவப்புச் சீமெந்து நிலத்தைப் பொச்சுமட்டையால் தேய்த்தது அம்மா, அதோடு கோபமும் தீர்ந்தது.

போன மாரி முடிந்து பார்த்தேன். வாசற்கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு உப்பு பூத்திருந்தது. மேசனுக்குப் போன் எடுத்தால், "தட்டிவிட்டு இன்னொருக்கா அடியுங்கோ மகள்" என்று வைத்துவிட்டார். மிஞ்சின சுண்ணாம்பு அரை வாளி, நாலு விரல் தண்ணீர் மேலே நிற்க, கிணற்றடியில் மூடி வைத்திருக்கிறேன்.