கன்னத்துத் தனக்கா

காலையில் ரங்கூன் காளி கோயில் வாசலில் கூட்டத்தில் ஒரு அம்மா மேல் இடித்துவிட்டேன். கறுப்பு மாஸ்க், அதன் மேல் ஓரமெல்லாம் கன்னத்துத் தனக்கா (பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) அப்பி மஞ்சளாகக் கிடந்தது. பர்மியக்காரம்மா என்று நினைத்து பர்மியத்திலேயே மன்னிப்புக் கேட்டேன்.

"ஏண்டா தம்பி, சித்தியவே அடையாளம் தெரியலையா?"

நம்ம சித்திதான்!

கொரோனாதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு இது என்றேன். "பழகிடுச்சுடா, யாரு பாக்குறா என்ன கேக்குறான்னு யோசிக்க வேணாம் பாரு" என்றார்.

2020-ல் கிருமிக்குப் பயந்து போட்டோம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அப்புறம் எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களுக்குக் கிருமியைவிட கேமராதான் பயம்.

ஆனால் யோசித்தால் நமக்கு இப்படி மறைந்து வாழ்வது புதுசா என்ன? 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நம் ஆட்கள் ஏராளமானோர் கப்பலேறிப் போனார்கள், இங்கேயே நின்றவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பேர், வீட்டில் தாத்தா பேர் என்று வைத்துப் பிழைத்தார்கள். எனக்கும் ரெண்டு பேர் உண்டு. வீட்டுப் பேரைச் சொல்லி யாராவது பஸ்ஸில் சத்தமாகக் கூப்பிட்டால் சின்ன வயதில் திரும்பவே மாட்டேன். (கோயில் இருக்கிற அனோரத்தா சாலைக்கே முன்னால் பிரேசர் தெரு என்றுதான் பேர்.)

சித்தி பூக்காரம்மாவிடம் பர்மியத்தில் பேரம் பேசினார். அவரும் பர்மியத்திலேயே விலை சொன்னார். மல்லிகையை அளக்கும்போது மட்டும் அந்தம்மா வாய்க்குள் முணுமுணுத்தார்: ஒண்ணு, ரெண்டு, மூணு...