மூடிய வழுவை மீண்டும் பார்ப்பது

திறமூல மென்பொருள் திட்டம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை நிரல் எழுதுவதன்று. பிறர் தீர்த்து மூடிய வழு அறிக்கைகளைச் சரிபார்ப்பது. 1998இல் மொசில்லா திட்டத்திலிருந்து வெளிவந்த, வழு அறிக்கைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருளான பக்ஸில்லாவே அங்கும் பயன்பட்டது. அதில் வழுவைத் திருத்தியவர் 'ரிசால்வ்ட்' (தீர்க்கப்பட்டது) என்று குறிப்பார். வேறொருவர் சோதித்த பிறகே அது 'வெரிஃபைட்' (சரிபார்க்கப்பட்டது) ஆகும்.

அறிக்கையிலுள்ள படிகளை அன்றைய பில்டில், அதாவது நிரலிலிருந்து அன்று உருவாக்கிய இயங்கும் பதிப்பில், செய்து பார்ப்பேன். சிக்கல் தோன்றாவிட்டால் நிலையை மாற்றிவிடுவேன். ஒரு மாலைக்குள் பத்துப் பதினைந்து முடிந்துவிடும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அப்படி முடித்தவற்றுள் ஒன்று, ஆவணத்தைச் சேமித்துத் திறந்தால் அட்டவணையின் கோடுகள் மறைகின்றன என்பது, மறுவாரமே அறிக்கையைப் பதிந்தவரால் மீண்டும் திறக்கப்பட்டது. அவர் கோபிக்கவில்லை, பழைய பதிப்பில் எனக்கு அந்த வழு தோன்றியதா என்று மட்டும் கேட்டிருந்தார். நான் பழைய பதிப்பைத் தொடவே இல்லை. நிறுவிப் பார்த்தால் அதிலும் கோடுகள் ஒழுங்காகவே இருந்தன. அவர் நெடுநாளாகப் பயன்படுத்திவந்த அமைப்புக் கோப்பின் ஒரு தெரிவுதான் வழுவைத் தூண்டியது. அந்தத் தெரிவு இல்லாத என் கணினியில் எந்தப் பதிப்பைச் சோதித்திருந்தாலும் 'சரியாகிவிட்டது' என்றே எழுதியிருப்பேன்.

அதன்பின் பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே நிறுவிக்கொண்டேன். ஒன்றின் அமைப்புகளை மற்றொன்று மாற்றிவிடாதபடி இரண்டுக்கும் தனித்தனிப் பயனர் கோப்புறை கொடுத்தேன். வழுவை முதலில் பழையதில் கண்ணால் கண்ட பிறகே புதியதைத் திறப்பேன். அந்த பில்ட் எந்தக் கமிட்டிலிருந்து, அதாவது நிரலில் பதிவான எந்த மாற்றத்திலிருந்து, உருவானது என்பதையும் பார்ப்பேன். திருத்தம் வளர்ச்சிப் பணி நடக்கும் முதன்மைக் கிளையில் சேர்ந்திருந்தாலும், பயனர்களுக்கான பதிப்பு உருவாகும் வெளியீட்டுக் கிளைக்குப் போகாமல் இருப்பது அடிக்கடி நடப்பது.

பழையதில் தோன்றிய வழு புதியதில் இல்லை, ஆனால் எந்தக் கமிட் அதைத் தீர்த்தது என்று எவருக்கும் தெரியவில்லை என்றால், எங்கள் திட்டத்தில் அதை 'ஃபிக்ஸ்டு' (திருத்தப்பட்டது) என்று குறிப்பதில்லை. 'ஒர்க்ஸ்ஃபார்மீ' (என்னிடம் சரியாக இயங்குகிறது) என்றே குறிப்போம். புதியவர்கள் இதை வெறும் சொல் பிடிவாதம் என்பார்கள், நானும் சொன்னவன்தான். தீர்த்த கமிட்டைத் தேடத் துணிந்தால், கமிட் வரிசையைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் கிட் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது: ஆயிரம் கமிட்டுகளுக்கு ஏறத்தாழ பத்துச் சோதனைகள் போதும்.

அட்டவணை வழுவுக்கு இரண்டாவது திருத்தம் வந்ததும், பதிந்தவர் இணைத்த அமைப்புக் கோப்புடன் மறுபடி உட்கார்ந்தேன். பழையதில் கோடுகள் மறைந்தன, புதியதில் நின்றன. இரண்டு பில்டுகளின் எண்களையும் குறித்து நிலையை மாற்றியபோது மாலை முழுவதும் கழிந்திருந்தது. வேறு எந்த அறிக்கையையும் அன்று தொடவில்லை.