வெள்ளையாக இருந்தால் வெந்ததாகிவிடுமா?

சங்கைத் தீயில் புடம் போட்டுச் செய்யும் மருந்துப் பொடியான சங்கு பஸ்பம் வெள்ளையாக இருந்தால் தேறிவிட்டது என்று நினைக்கிறவர்கள் இன்னும் உண்டு. சங்கே வெள்ளைதானே! பச்சைச் சங்கை நைசாக அரைத்தாலும் விரல் ரேகையில் ஏறும், தண்ணீரில் தூவினால் மிதக்கவும் செய்யும். அந்தச் சோதனைகள் காட்டுவது நைசை, வேக்காட்டை அல்ல.

வேக்காடு எருவாட்டியில், அதாவது சாண வறட்டியில் இருக்கிறது. கஜபுடம் என்ற பெரிய குழித் தீக்கு எருவாட்டி ஆயிரம் என்று கணக்குச் சொல்வார்கள். அது மேய்ச்சல் காட்டில் தானாகக் காய்ந்த சாணத்தின் கணக்கு. இப்போது உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருவது தட்டு அகலத்துக்குத் தட்டியது. ஆயிரத்தை அந்தக் குழிக்குள் அடுக்கவே முடியாது. எண்ணாமல் எடை போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எடையும் ஏமாற்றும். மேலே காய்ந்திருக்கும், உடைத்தால் நடுவில் கறுப்பாக ஈரம். பாதித் தீ அந்த ஈரத்தை ஓட்டவே போய்விடும். குழிக்குள் வெப்பம் அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் இருந்தால் குட்டு வெளிப்படும்: 700 டிகிரியைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். சங்கின் கால்சியம் கார்பனேட் உடைய 800 டிகிரிக்கு மேல் போய், அங்கே கொஞ்ச நேரம் நிற்கவும் வேண்டும்.

சங்கை வைத்து மூடிய அகல் வாயில் கட்டும் சீலைமண் (மண் பூசிய துணி) ஒவ்வொரு சுற்றும் காய்ந்த பிறகே அடுத்த சுற்று. அவசரப்பட்டால் தீயில் வெடித்துச் சாம்பல் உள்ளே போகும், பஸ்பம் பழுப்படிக்கும். சங்கோடு சேர்த்த கற்றாழைச் சாற்றின் கரி எரியாமல் நின்றாலும் நிறம் மங்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சும்மா மறுபுடம் போடுவதில் பயனில்லை: கரி போய்விடும், சாம்பல் போகாது.

அமிலச் சோதனைக்கு ஒரு சிட்டிகையை முதலில் தண்ணீரில் நனைத்துச் சூடு அடங்க விடுங்கள். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு. நுரைத்துப் பொங்கினால் கார்பனேட் மிச்சம். எவ்வளவு மிச்சம் என்பதை மஃபிள் அடுப்பில் (ஆய்வுக்கூடச் சூளையில்) 1000 டிகிரியில் எரித்து, எடை இழப்பில் பார்க்கலாம். முழுக் கார்பனேட் 100 கிராமுக்கு 44 கிராம் இழக்கும், நீற்றிய சுண்ணாம்பு 24 கிராம், நன்றாக வெந்தது அநேகமாக ஒன்றும் இழக்காது. அகலின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். பெரும்பாலும் நடுத்துண்டுதான் வேகாமல் நிற்கும்.

இவ்வளவும் சரியாக வந்தபின் மூடி லூசான டப்பாவில் போட்டால், காற்றின் ஈரத்தையும் கரியமிலவாயுவையும் குடித்து அதே பஸ்பம் மெல்ல மெல்லக் கார்பனேட்டுக்கே திரும்பும். அதனால் எடை இழப்பை, புடம் பிரித்த அன்று ஒருமுறை, புட்டியில் அடைக்கிற அன்று ஒருமுறை எழுதிவைக்க வேண்டும்.