நாலு ஓம்

ஜூன் 9
அப்பா இன்றும் குப்புறத்தான். ஆபரேஷனில் கண்ணுக்குள் விட்ட வாயு கரையும் வரை முகத்தைத் தூக்கக் கூடாதாம். பாட்டுக் கேட்கத் தடையில்லை என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். "வால்வு செட்டு எப்படா முடியும்?" நான் கட்டிக்கொண்டிருக்கும் வால்வு ஆம்ப்பைக் கேட்கிறார், ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி.

ஜூன் 10
செல்லூரில் காயில் கட்டும் கடைக்குப் போனேன். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வரும் டிரான்ஸ்பார்மர் இன்னும் கட்டவில்லை. "மோட்டார் வேலை குவிஞ்சு கெடக்கு தம்பி" என்றார் கடை அண்ணன்.

ஜூன் 12
ராத்திரி முழுக்க அதே கணக்கு, வால்வின் சக்தி ஸ்பீக்கருக்குப் போதுமா என்று. பெட்டியில்லாத தட்டை வகையான பிளேனார் ஸ்பீக்கருக்கு 86 டெசிபல் என்று போட்டிருக்கிறது. அது 2.83 வோல்ட்டுக்கு. 4 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட் ஆகிவிடுகிறது; அப்படியானால் ஒரு வாட்டுக்கு 83தான். ஒற்றை 300பி வால்வின் 8 வாட் தவிலுக்குக் காணாது. இ.எல். 34 வால்வு இரண்டு சேர்ந்து புஷ்-புல்லில், ஒன்று தள்ள ஒன்று இழுக்க, அல்ட்ரா லீனியர் இணைப்பில் 35 வாட் வரை தரும். ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபல். கூடத்துக்குப் போதும். போதுமா?

ஆறுதல் ஒன்று உண்டு. பெட்டி ஸ்பீக்கரின் ஓம் ஒரு ஸ்தாயியில் 4, இன்னொன்றில் 20 என்று ஆடும். வால்வு ஆம்ப் அந்த ஆட்டத்துக்கெல்லாம் கூடிக் குறைந்து ஒலிக்கும். பிளேனாரில் மெல்லிய பிலிமில் ஒட்டிய கம்பிதான் காந்தங்களுக்கு முன் அதிர்கிறது. ஏறக்குறைய ரெசிஸ்டர் மாதிரி, ஓம் அதிகம் அசையாது. வால்வுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

ஆனால் டிரான்ஸ்பார்மரில் 4 ஓம் முனை சரியாக அமைய வேண்டும். வால்வு கேட்கும் 6.6 கிலோ ஓமுக்கு, கம்பிச் சுற்று 40க்கு 1க்குச் சற்று மேல். இந்த ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் மாட்டினால் வால்வுக்குத் தெரிவது அதில் பாதி, 3.3 கிலோ ஓம்தான்.

ஜூன் 13
அப்பா சாப்பிடவில்லை.

ஜூன் 16
கடையிலேயே நின்று கட்டி வாங்கினேன். செகண்டரியை, அதாவது ஸ்பீக்கர் பக்கச் சுற்றை, ஏன் பிரித்துப் பிரித்து நடுவில் போட வேண்டும் என்றார் அண்ணன். மேல் ஸ்தாயி மங்காமல் இருக்க, என்றேன். அப்புறம் அவர் பேசவே இல்லை. ஒவ்வோர் அடுக்குக்கும் பேப்பர் சுற்றி, மடிப்பை நகத்தால் நீவி, எனாமல் கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே ஓட்டினார். இனி வார்னிஷ் காய வேண்டும்.

ஜூன் 19
ஸ்பீக்கர் இரண்டும் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி. பின்பக்கமும் அதே அளவு சத்தம் போகும், ஒட்டி வைக்க முடியாது. நடக்க வழியில்லை என்கிறாள் அம்மா. தம்பி மகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. ஆம்ப்பை அணைத்த பிறகும் கண்டென்சரில் 430 வோல்ட் வரை நிற்கலாம்.

ஜூன் 20
பாடிவிட்டது! மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம். தலையணையில் நெற்றியை அழுத்தியபடி அப்பா தாளம் போட்டார். "சீவாளிக்குள்ள மூச்சு போறது கேக்குதுடா." தவில் ஒலி உடையவில்லை. 98 டெசிபல் போதும்.

ஜூன் 21
சாயங்காலம் வீட்டுக் கரண்ட் 190 வோல்ட்தான். ஸ்டெபிலைசர் வாங்க வேண்டும். கண்ணைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஜூன் 22
வலது பக்க வால்வு ஒன்று 45 மில்லி ஆம்பியரில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. வால்வுக்குள் இருக்கும் தட்டின் ஓரம் சிவந்ததும் அணைத்துவிட்டேன். குற்றம் வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் பயாஸ் ரெசிஸ்டரிலா, வால்விலேதானா, இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். நாளை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி.