குதிகால் நாண் அறுந்தபின்

மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லிக் கெண்டைக்காலை அமுக்கினார். வலது காலில் அமுக்கியபோது பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தது. இடது காலில் ஒன்றும் நடக்கவில்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாண் அறுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். சமூக மன்றத்தில் பூப்பந்து ஆடும்போது, யாரோ பின்னாலிருந்து உதைத்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஆளே இல்லை.

அறுவை சிகிச்சை இல்லாமலே பார்க்கலாம் என்று முடிவானது. கனமான பூட்ஸ், உள்ளே குதிகாலுக்கடியில் ஆப்பு மாதிரி அட்டைகள். பாதம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தால்தான் அறுந்த முனைகள் நெருங்கி ஒட்டும். போகப் போக அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எம்ஆர்டி ரயிலில் எழுந்து இடம் கொடுத்த பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

விஷயம் பிடிபட்டது இயன்முறை சிகிச்சையில்தான். "அங்கிள், தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது" என்றார் அங்கிருந்த தமிழ்ப் பெண். பாதத்தை மேலே தூக்குவது காலின் முன்பக்கத் தசை. நுனிக்காலில் எழும்பும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, நாண் வழியாகக் குதிகால் எலும்பை இழுக்கிறது. அங்கே பெரிய தசைகள் இரண்டு. வெளியே தெரியும் காஸ்ட்ராக்னீமியஸ், முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பிலிருந்தே வருகிறது. அதற்கடியில் உள்ள சோலியஸ் முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது. இரண்டும் ஒரே நாணில் சேர்கின்றன. முழங்காலை மடக்கினால் முதலாவது தளர்ந்து, பாரம் சோலியஸ் பக்கம் போகும். ஒரே பயிற்சியைக் காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை செய்யச் சொன்னது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. அதுவரை நேரத்தைக் கடத்துகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்!

பூட்ஸைக் கழற்றியதும் கால் இறுகிக் கிடந்தது. நன்றாக இழுத்து நீட்டிவிடத் துடித்தேன். கூடவே கூடாது என்றார் அந்தப் பெண். நாண் நீளமாகிப் போய் ஒட்டினால் தொய்ந்த கொடிக்கயிறுதான். தசை எவ்வளவு சுருங்கினாலும் முதலில் தொய்வைத்தான் எடுக்கும், குதிகாலைத் தூக்க மிச்சம் குறைவு.

எங்கள் புளோக் பக்கத்து மேம்பாலத்தில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பயமாக இருந்தது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும். அதனால் இப்போதைய பயிற்சி: இரண்டு காலால் எழும்பு, இடது காலால் மட்டும் மெதுவாக இறங்கு. இடது காலால் தனியாக எழும்பினால் வலது அளவு உயரம் இன்னும் வரவில்லை. அது வந்த பிறகுதான் மெல்லோட்டம் என்று சொல்லியிருக்கிறார்.