கதவுப் பூட்டு
போர் நடக்கும் ஊரில் ராணுவ விமானம் விழுந்தால் யாரோ சுட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். 1975 ஏப்ரல் 4, தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோன். அநாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அமெரிக்க ராணுவச் சரக்கு விமானம் சி-5ஏ கேலக்ஸியை யாரும் சுடவில்லை. சுமார் 23,000 அடி உயரத்தில் சரக்குப் பகுதியின் பின்கதவு பிய்த்துக்கொண்டு போனது. போகிற போக்கில் வால்பகுதியைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துவிட்டது.

வால் கேட்காத அந்த ராட்சத விமானத்தை பெரும்பாலும் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே திருப்பிக் கொண்டுவந்தார்கள் விமானிகள். எப்பேர்ப்பட்ட கைகள்! ஓடுதளம் எட்டவில்லை. வயலில் மோதி, எகிறி, ஆற்றைத் தாண்டி மறுபடி விழுந்து சிதறியது. 138 பேர் பலி. அதில் 78 குழந்தைகள். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை.

காரணம்? அந்தக் கதவுப் பூட்டுகளின் பாகங்களை முன்பே வேறு விமானங்களுக்காகக் கழற்றியிருந்தார்கள். திரும்ப மாட்டியதை ஒழுங்காக மாட்டவில்லை.