சிபிலைச் சரிசெய்ய ஏஜென்ட் எதற்கு?

திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், விசைத்தறி போட்டிருப்பவர்கள், மளிகைக் கடைக்காரர்கள் என்று எல்லோரும் வந்து போகிற கிளை. கடன் கிடைக்காமல் போனவர்கள் இப்போதெல்லாம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான், கடன் ஸ்கோரான சிபிலைப் பற்றி. "ஏனுங்க சார், சிபில் அடிபட்டுருச்சுங்கிறாங்க. பதினஞ்சாயிரம் கொடுத்தா க்ளியர் பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. கொடுக்கலாமுங்களா?"

பெரும்பாலானவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஒருசிலரிடம் மட்டும், பணம் போனாலும் பரவாயில்லை, ஆள் வையுங்கள் என்று சொல்கிறேன். ஆனால் நான் சொல்கிற அந்த ஆள் சிபில் ஏஜென்ட் இல்லை.

காரணம் எளிது. சிபில் என்று பொதுப்படையாகச் சொல்கிறோமே தவிர, நாட்டில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். 2000-இல் முதலில் தொடங்கியது சிபில் என்பதால் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நான்குமே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் நடப்பவை. நாம் டியூ கட்டினோமா இல்லையா என்பது இவர்களுக்குத் தானாகத் தெரியாது. கடன் கொடுத்த வங்கியோ பைனான்ஸோ அனுப்புகிற விவரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து 300-க்கும் 900-க்கும் இடையில் ஒரு ஸ்கோரைக் கணக்கிடுகிறார்கள். கடன் கொடுத்தவர் "ஆமாம், எங்கள் பதிவு தவறு" என்று உறுதிப்படுத்தாமல் அவர்களால் ஒரு பைசாவைக்கூடத் திருத்த முடியாது. அப்படியானால் ஏஜென்ட் என்ன செய்வார்? நீங்கள் எழுத வேண்டிய புகாரை உங்கள் பெயரிலேயே எழுதுவார். அவருக்கென்று தனி வழி எதுவும் கிடையாது.

எங்கள் கிளைக்கு வந்த ஓர் அம்மாவின் கதையைச் சொன்னால் இது புரியும். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவர். மகளுக்குக் கல்விக் கடன் கேட்டு வந்தார். கல்விக் கடனில் பெற்றோரும் கூட்டுக் கடன்தாரர் என்பதால் அவருடைய அறிக்கையையும் எடுத்தோம். ஸ்கோர் மோசம். ஒரு ஸ்கூட்டர் கடன் இன்னும் திறந்தே இருந்தது; 590 ரூபாய் நிலுவை. டியூ கட்டிய வரலாற்றைக் காட்டும் கட்டங்களில் முதலில் எல்லாம் பூஜ்யம்தான். கடைசியில் மட்டும் 30, 60, 90 என்று தாமத நாட்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன.

"கட்டி முடிச்சுட்டேனுங்க சார், என்ஓசி கூட இருக்குதுங்க" என்று பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். கடன் முடிந்ததற்கான கடிதம், ஆர்சி புக்கில் பைனான்ஸ் பெயரை நீக்கிய சான்று, எல்லாமே பத்திரமாக இருந்தது. அந்த 590 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், எப்போதோ ஒரு மாதம் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் டியூ திரும்பியதற்குப் போட்ட 500 ரூபாய் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும். என்ஓசி கொடுத்தபோது அதைக் கணக்கிலிருந்து எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு மாதாமாதம் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தாமதம் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இதற்குத்தான் ஓர் ஏஜென்ட் 15,000 கேட்டிருந்தார்.

கடிதம் எழுத உட்கார்ந்தோம். நான்கு வருடக் கஷ்டத்தையெல்லாம் எழுத வேண்டும் என்று அந்த அம்மா நினைத்தார். அதெல்லாம் வேண்டாம், அறிக்கையில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், இந்த இரண்டும் போதும் என்றேன். கடன் கணக்கு எண், அறிக்கையில் இருக்கும் கட்டுப்பாட்டு எண், கடன் முடிந்த தேதி. நிலுவை என்ற இடத்தில் 590 காட்டுகிறது, பூஜ்யமாக இருக்க வேண்டும். கணக்கின் நிலை நடப்பில் என்று இருக்கிறது, முடிந்தது என்று இருக்க வேண்டும். முடிந்த தேதிக்குப் பிறகு காட்டும் தாமத நாட்களை நீக்க வேண்டும். இணைப்பு: என்ஓசி நகலும், அறிக்கையின் அந்தப் பக்கமும், அதில் அந்த மூன்று இடங்களிலும் சிவப்பு மையில் வட்டம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் சீல் போட்டு வாங்கிவரச் சொன்னேன். அந்த பைனான்ஸ் ஆபீசில் முதலில் சீல் போட மறுத்திருக்கிறார்கள். சீல் போட்டால்தான் போவேன் என்று அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து வாங்கிவந்தார். அதே புகாரைக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலும் பதிவு செய்தோம். அதற்குக் கட்டணம் கிடையாது.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கடன் கொடுத்தவர் திருத்தி அனுப்ப 21 நாள், மிச்ச நாட்கள் கடன் தகவல் நிறுவனத்துக்கு. கோரிக்கையை நிராகரித்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். இதைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்தை யாரும் அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவைப்பதில்லை. கெடு முடிவதற்குள் திருத்தம் வந்துவிட்டது, மகளுக்குக் கடனும் கிடைத்தது. 2025 ஜனவரியிலிருந்து கடன் விவரங்களை மாதம் இருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டதால், திருத்தம் அறிக்கையில் தெரிவதற்கும் முன்போல நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

பதில் வரவில்லை, வந்த பதிலும் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். 2021-இல் வந்த ஒருங்கிணைந்த திட்டம் அது. கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அதற்குள் வந்துவிட்டன. அதற்கும் காசு வேண்டாம், வக்கீல் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டு எடுக்கும்போது அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னால் வருகிறது, இன்னொரு இடத்தில் பின்னால் வருகிறது. அதோடு, ஒரு தலைமுறைக்கே பிறந்த தேதி மே மாதத்திலோ ஜூன் முதல் தேதியிலோதான் இருக்கும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதி. ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, பக்கத்துப் பக்கத்து ஊர் என்று இரண்டு பேர் இருந்தால் ஒருவருடைய கடன் இன்னொருவர் அறிக்கையில் ஏறிவிடுகிறது. இந்தக் கணக்கு என்னுடையது அல்ல என்று பான், ஆதார் நகலுடன் புகார் போட்டாலே இது தீர்ந்துவிடும். ஆனால் அந்தக் கடனில் உங்கள் பான் எண்ணே இருந்தால், யாரோ உங்கள் ஆவணத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கலாம். அப்போது சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லி, காவல் துறையில் புகார் கொடுத்து, அந்த நகலோடுதான் கடன் கொடுத்தவரிடம் போக வேண்டும்.

அறிக்கையில் தவறு இருந்தால் இதெல்லாம் சரி. இருப்பது உண்மையாகவே இருந்தால்? அங்கேதான் ஏஜென்டுகளின் பிழைப்பு நடக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி செட்டில்மென்டில் முடித்த ஒருவர் வந்தார். அறிக்கையில் 'செட்டில்டு' என்று இருந்தது. அதை எடுத்துத் தருவதாகச் சொன்ன ஏஜென்டுக்குப் பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தார். பான், ஆதார், செல்போனுக்கு வந்த ஓடிபி எல்லாவற்றையும் கூடவே கொடுத்திருந்தார். ஏஜென்ட் செய்தது என்ன தெரியுமா? ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நகைக் கடனையும் சேர்த்து, இருந்த கணக்கு அத்தனையின் மேலும் புகார் போட்டுவிட்டார். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் எங்கள் பதிவு சரிதான் என்று பதில் அனுப்ப, எல்லாம் பழையபடியே நின்றது. அதற்குள் ஒவ்வொரு கணக்கிலும் 'விவகாரத்தில் உள்ளது' என்ற குறிப்பு ஏறி, வேறோர் இடத்தில் அவர் கேட்டிருந்த வீட்டுக் கடனும் நின்றுபோனது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அந்த ஓடிபி விஷயத்தில்தான். ஒரு மனிதரின் கடன் வாழ்க்கை முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவர் தன் போனில் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு இருந்த வழி ஒன்றுதான். கார்டு கொடுத்த வங்கியிடமே போய், செட்டில்மென்டில் தள்ளுபடி செய்த தொகையைக் கட்டுகிறேன், கணக்கை 'முடிந்தது' என்று மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்பது. கேட்டார், ஒப்புக்கொண்டார்கள், கட்டினார், மாறியது. பழைய தாமதங்கள் அப்படியேதான் இருக்கின்றன. கடன் விவரங்களைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நடந்ததை யாராலும் அழிக்க முடியாது.

இந்த ஏஜென்டுகள் எல்லோருமே ஆறு மாதம் ஆகும் என்பார்கள். அந்த ஆறு மாதமும் டியூவைத் தேதி தவறாமல் கட்டுங்கள், கார்டில் லிமிட் வரை இழுக்காதீர்கள், புதுக் கடனுக்கு எழுதிப் போடாதீர்கள் என்றும் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஸ்கோர் ஏறினால் அது அதனால் ஏறியது, அவருக்குக் கொடுத்த பணத்தால் இல்லை. கடன் வரலாறே இல்லாதவர்களுக்கு பிக்சட் டெபாசிட்டின் மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கித் தருவார்கள். அதை உங்கள் வங்கியில் நீங்களே கேட்டு வாங்கலாம். வேலையை முடிப்பதற்கு முன் இப்படிப்பட்ட நிறுவனங்கள் பணம் வாங்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1996-லேயே சட்டம் போட்டார்கள். இங்கேயும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, ஆள் வைக்கத்தான் வேண்டும் என்று யாரிடம் சொல்கிறேன்? விசைத்தறிக்காரர் ஒருவர், சிபிலைச் சரி பண்ண எவ்வளவு ஆகும் என்று கேட்க வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து ஒரு நோட்டீசும் வெளியே வந்தது. வேறொரு வங்கி அனுப்பியது. அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்பாசி சட்டம், 13(2) பிரிவு. தறிக்கூடத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன். 60 நாளுக்குள் கட்டாவிட்டால் கூடத்தைக் கையகப்படுத்துவோம் என்று எழுதியிருந்தது. அந்த 60 நாளில் பாதிக்குமேல் போய்விட்டது. அவரோ அதுவரை ஸ்கோர் ஏஜென்ட் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தார். வீடு பற்றி எரிகிறபோது வாசலுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடுவதுபோல் இருந்தது எனக்கு.

"அண்ணா, ஸ்கோரை விடுங்க, இன்னைக்கே ஒரு வக்கீலைப் பாருங்க" என்றேன். 13(2) நோட்டீசுக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கும் மேலே போய் சொத்தை எடுத்துக்கொண்டால், கோவையில் இருக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் மனுப் போட வேண்டும். இந்தக் கெடுக்களைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. இதில் தானே எழுதிக்கொள்ளலாம் என்று துணிச்சலாக இறங்கவே கூடாது. செக் திரும்பி வந்த வழக்கும் அப்படித்தான், வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுகட்டமைப்பு நிறுவனத்துக்கு வங்கி கடனை விற்றுவிட்டதும் அப்படித்தான். வக்கீலுக்குக் கொடுக்கும் காசு அங்கே வீண் இல்லை. காசு இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு. அவர் வக்கீலைப் பார்த்தார், ஆட்சேபம் போனது, கடனைத் தவணை மாற்றிக் கட்டுவது பற்றி இப்போது பேச்சு நடக்கிறது.

இத்தனை வழி இருந்தும் ஏன் ஏஜென்டிடம் போகிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரியாமை ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிது கூச்சம். பாக்கி வைத்த இடத்துக்குத் திரும்பப் போய், எல்லோர் முன்னாலும் தன் பெயரைச் சொல்லிக் கேட்கப் பலருக்குக் கால் வருவதில்லை. வசூலுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பேசிய பேச்சை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியுமா? ஏஜென்ட் அந்தக் கூச்சத்துக்குத்தான் விலை வைக்கிறார். அதனால் தனியாகப் போகாதீர்கள், படித்த தம்பியையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்கிறேன். மாவட்டத்தின் முன்னோடி வங்கி நடத்தும் நிதிசார் கல்வி மையத்திலும் உட்கார்ந்து கேட்கலாம், அங்கேயும் கட்டணம் இல்லை. நான்கு நிறுவனங்களிடமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

வங்கியில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. "சிபில் சரியில்லைங்க" என்று ஒரு வரியில் அனுப்பிவிடுவது கிளைகளில் சாதாரணமாக நடக்கிறது. கேட்டவர் வெளியே போய்த் தேநீர்க் கடையில் ஏஜென்டின் நம்பரை வாங்குகிறார். எந்தக் கடன், எந்த நிறுவனம், எந்த மாதத்திலிருந்து தாமதம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். எங்கள் பிரிவில் அப்படித்தான் கொடுத்தனுப்புகிறோம், சீட்டின் அடியில் புகார் பதிவு செய்யும் முகவரியையும் எழுதி.